காலியாக விடக்கூடாத கட்டம்

ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் எழுத்து உடனே தெரியாது. பலகை காயக் காயத்தான் ஒவ்வொரு வரியாக வெளுத்து மேலே வரும், அதுவரைக்கும் ஈரச் சுண்ணாம்பு வாசனை ஒன்று மட்டும் மூக்கில் நிற்கும். மலையாள நாட்டில், பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கோட்டைக்கு உட்பட்ட ஒரு தமிழ்த் தெருவில், எங்கள் 'சமூகம் ஹால்' வாசலில் அப்படி ஒரு பலகை இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்குள் அதில் 'இன்று' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்களை நிரப்பும் பொறுப்பு, பாவாடை கட்டிய பதினொரு வயதுப் பெண்ணான என்னிடம் இருந்தது. ஒரு கட்டம் விளையாட்டு, ஒரு கட்டம் சங்கீதம், ஒரு கட்டம் சரித்திரம். அந்தந்தத் தேதியில் முன்னொரு காலத்தில் உலகத்தில் எங்கேயாவது நடந்ததை, கட்டத்துக்கு ஒன்றாக எழுத வேண்டும்.

பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, ஓய்வு பெற்று, இப்போது பேரப்பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பங்களில் பிழை திருத்தி வரும் எனக்கு, நியமன ஆணை என்றால் என்ன என்று முதலில் தெரிந்தது அந்தப் பலகையால்தான். ஹாலின் கௌரவச் செயலாளரை நாங்கள் எல்லோரும் 'செக்ரட்டரி மாமா' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை அவருடைய மனைவிகூட மறந்திருக்கலாம். அதற்கு முன் பலகை எழுதிவந்தவர் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டதால், தெருவில் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளையைத் தேடி, ஆண்பிள்ளைகள் அத்தனை பேருடைய நோட்டையும் பார்த்து மனம் நொந்து, கடைசியில் என்னிடம் வந்தார். நிபந்தனைகள் மூன்று. ஏழு மணி தாண்டக் கூடாது. பிழை கூடாது. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஒன்று காலியானாலும் அன்றைக்கே சாக்பீஸ் பக்கத்து வீட்டு அனந்துவின் கைக்குப் போய்விடும்.

அனந்து என் வயதுதான். என் பலகையைத் தினமும் ஒரு தணிக்கை அதிகாரியைப் போல வந்து பார்ப்பான், பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போவான்.

சாக்பீஸை நான் அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எழுத்தாசை அல்ல. எழுதுவதற்கு ஆதாரமான இயர்புக், ஹாலின் வாசிப்பறையில் இருந்த அலமாரிக்குள் இருந்தது. அந்த அறைக்குள் பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று எந்தத் தீர்மானமும் இல்லை. எழுதாத விதியைத் திருத்த வழியே கிடையாது என்பது எந்த அலுவலகத்திலும் உள்ள நடைமுறை. பலகை எழுதும் ஆளுக்கு மட்டும் அலமாரிச் சாவி உண்டு. ஆகவே காலை ஆறு மணிக்கு நான் உள்ளே போய், பத்து நிமிடத்தில் மூன்று கட்டத்துக்கும் செய்தி தேடிவிட்டு, ஆண்கள் பேப்பர் படிக்க வரும்வரை மிச்சமிருந்த நேரமெல்லாம் அலமாரியில் இருந்த கதைப் புத்தகங்களைத் தின்றேன். தமிழ் ஒரு தட்டு, மலையாளம் ஒரு தட்டு, இங்கிலீஷ் அரைத் தட்டு. சாக்பீஸ் போனால் சாவி போகும், சாவி போனால் அத்தனையும் போகும். என்னுடைய பதினோராவது வயதின் மொத்த அரசியலும் இதுதான்.

கட்டங்களில் சுலபமானது சரித்திரம். உலகத்தில் எங்கேயாவது ஒரு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகாத தேதியே இயர்புக்கில் இல்லை. அப்படியிருந்தும் சண்டை ஏன் நிற்கவில்லை என்று செக்ரட்டரி மாமாவிடம் ஒருநாள் கேட்டேன், "அதுக்குன்னு தனியா கட்டம் போடலை, நீ எழுது" என்றார். சங்கீதம்தான் வம்பு. எங்கள் தெருவில் பிறந்தநாள் நட்சத்திரப்படி, திவசம் திதிப்படி, சம்பளம் மட்டும் இங்கிலீஷ் தேதிப்படி. இயர்புக் சொன்ன தேதியில் ஒரு சங்கீத மகான் மறைந்தார் என்று எழுதிவைத்தால், மூன்றாம் வீட்டுப் பாகவதர் குளித்த ஈரத்தோடு வந்துவிடுவார்.

"ஏண்டி ஜயா, அவர் சித்தியானது திதிப்படி அடுத்த வாரமாக்கும். உன் இயர்புக்குக்கும் பஞ்சாங்கத்துக்கும் கல்யாணம் பண்ணிவைக்க உன்னை யார் கூப்பிட்டா?"

அதன்பிறகு சங்கீதக் கட்டத்தில் 'இயர்புக் கூற்றின்படி' என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அந்த அருமையான உத்தியை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது.

விளையாட்டுக்குத் திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, சண்டைக்கு வரும் பாகவதரும் இல்லை. அதில் நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இயர்புக்கைத் திறந்தால், விளையாட்டுப் பகுதியில் அந்த மாதத்துப் பக்கத்தையே காணவில்லை. கிரிக்கெட் வீரர் படத்துக்காகப் பிளேடு வைத்து அழகாக வெட்டி எடுத்திருந்தார்கள். முந்தின நாள் அலமாரியைத் திறந்துபோட்டுவிட்டு நான் வாசலில் பலகை எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருக்க வேண்டும். வெட்டியது அனந்துதான் என்பது தெருவுக்கே தெரியும். நிரூபிக்கத்தான் சாட்சி இல்லை. எந்த ஞாயிறு, என்ன தேதி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போக விளங்கும்.

சரித்திரத்துக்கு ஒப்பந்தம் இருந்தது. சங்கீதத்துக்கு வெளிநாட்டு மேதை ஒருவர் பிறந்திருந்தார். விளையாட்டுக் கட்டம் காலி. மணி ஆறே முக்கால். வெளியே அனந்துவின் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம்கூடக் கேட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அலமாரியின் மேல்தட்டில், எங்கள் தெரு 'பால் பாட்மின்டன்' அணி எப்போதோ நாகர்கோவிலுக்குப் போய் ஜெயித்துக்கொண்டு வந்த ஷீல்டு, பித்தளைத் தகடு கன்னங்கரேலென்று கறுத்து, ஓர் எழுத்தும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. வாசலுக்கு ஓடிப்போய் எழுதினேன்: 'முன்னொரு ஆண்டு இதே நாளில் நமது தெரு அணி நாகர்கோவிலில் கேடயம் வென்றது.' எந்த ஆண்டு என்று எழுதாமல் விட்டதை இன்றும் மெச்சிக்கொள்கிறேன்.

பலகை காய்ந்து எழுத்து வெளுத்து வருவதற்குள் நான்கு பேர் கூடிவிட்டார்கள். யாராவது ஒருவர், இந்தத் தேதி இல்லையே என்று சொல்லிவிடுவார் என்று காத்து நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. "ஆமாம் ஆமாம், அன்னிக்கு ஒரே மழை" என்றார் ஒருவர். "மழையா? நல்ல வெயிலாக்கும், எனக்குக் குடை இல்லாம மண்டை பொளந்துது" என்றார் மற்றவர். மழைக்கும் வெயிலுக்கும் இடையில் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. தேதியில் மட்டும் இருவருக்கும் பரிபூரண உடன்பாடு. நடக்காத ஒன்றைப் பலகையில் எழுதிவைத்தால் அதற்குச் சாட்சிகள் தாமாகவே வந்துசேர்வார்கள் என்பதை, பின்னாளில் எத்தனையோ விசாரணைக் கோப்புகளில் பார்த்தேன், ஆச்சரியப்பட்டதே இல்லை.

அதோடு விட்டிருந்தால் சரி. செக்ரட்டரி மாமா வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று கட்டத்தையும் இரண்டு முறை படித்தார், ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய உற்சாகத்தில் அறிவித்தார்: "இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால்லே மீட்டிங். கேப்டன் கிட்டுவுக்குப் பொன்னாடை. ஷீல்டைப் புளி போட்டுத் தேச்சு மேஜை மேலே வெக்கணும். அதுலே என்ன எழுதியிருக்குன்னு நான் எல்லார் முன்னாடியும் படிக்கப்போறேன், கேட்டேளா?"

ஷீல்டில் தேதி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கிட்டு அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பானூர் பஸ் டிப்போவில் குமாஸ்தா, முப்பது வயதைத் தாண்டியவர், அம்மாவோடு தெருக்கோடியில் குடியிருந்தார். அந்த அணியில் ஆடிய ஐந்து பேரில் அவர்தான் தலைவர். தெருவில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் அவர்தான் அம்பயர், எந்த வீட்டு வாசலில் நின்றாலும் காபி வரும், பையன்கள் அவர் எதிரே சைக்கிளிலிருந்து இறங்கி நடப்பார்கள். எல்லாம் அந்த ஷீல்டின் உபயம்.

மத்தியானம் தெருவே சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, சாவியும் கையுமாக நான் வாசிப்பறையில் உட்கார்ந்து, கடைசியாக எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிட்டு அண்ணா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஜயா, உனக்கு என்கிட்டே என்னடி விரோதம்?"

"நான் ஒண்ணும் பண்ணலை, அண்ணா."

"ஒண்ணும் பண்ணலையா? பின்னே போர்டிலே எழுதினது யாரு, உங்க பாட்டனாரா?"

"இயர்புக்கிலே அந்தப் பக்கம் இல்லை, அண்ணா. யாரோ கிழிச்சுட்டா. காலியா விட்டா சாக்பீஸ் அனந்துவுக்குப் போயிடும். அதான்…"

அவர் முகம் வெளிறிப்போனது. "இயர்புக்கா? ஐயோ, நம்ம கதை இயர்புக்கிலேயும் வந்துடுத்தா?"

"இல்லை அண்ணா, இல்லை! தேதியை நானா எழுதினேன். அது பொய்த் தேதி. சத்தியமா இனிமே பண்ணமாட்டேன்."

கிட்டு அண்ணா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தேதி கிடக்கட்டும்டி. தேதி யாருக்கு வேணும்? நாங்க ஜெயிக்கவே இல்லை."

பிறகு சொன்னார். ஃபைனலில் தோற்றுப்போனார்கள். தோற்றவர்களுக்கும் ஒரு ஷீல்டு உண்டு. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். "கையிலே ஷீல்டைப் பார்த்தா ஜெயிச்சதுன்னுதானே நினைப்பா? நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே கழுத்திலே மாலை விழுந்துடுத்து. மாலை விழுந்த அப்புறம் எப்படிடி சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் பாயசம் வெச்சுட்டா. மத்த நாலு பேரும் வேலை கிடைச்சு பம்பாய், டில்லின்னு போயிட்டா. நான் ஒருத்தன்தான் இங்கேயே கிடந்து ஜெயிச்சுண்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடு, ஷீல்டு வெளியே வராது என்று கெஞ்சினார். சாவியைத் தொலைத்தவளுக்கு நாளைக்குச் சாவி எப்படிக் கிடைக்கும் என்று நான் கேட்டேன். அவர் சொல்வதைக் கேட்டால் அவர் மானம் தப்பும், என் புத்தகங்கள் போகும். கேட்காவிட்டால் இரண்டும் போகும். இரண்டு பக்கமும் பாதகமான கோப்பு வந்தால் 'மேலும் ஆராயத்தக்கது' என்று எழுதித் திருப்பி அனுப்புவது பிற்காலத்தில் என் வழக்கம். அன்றைக்கு அந்த வசதி இல்லை. சாயங்காலம் ஆறு மணி ஆறு மணிக்கே வந்துவிடும்.

"நானே தேச்சுத் தரேன், அண்ணா" என்று மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஹால் பின்கட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து புளியால் தேய்த்தேன். முதலில் குறுக்காக வைத்த இரண்டு பேட்டுகள் தெரிந்தன, பிறகு போட்டியின் பெயர், அடுத்த வரியில் இங்கிலீஷில் 'ரன்னர்ஸ்-அப்' என்று கொட்டை எழுத்து, அதற்கும் கீழே ஒரு மாதம், ஒரு வருஷம். நான் எழுதிய மாதம் அல்ல. பக்கத்து மாதம்கூட அல்ல. கிட்டு அண்ணாவின் பொய்யும் என் பொய்யும் அடுத்தடுத்த வரிகளில், பித்தளைக்கே உரிய பளபளப்போடு என்னைப் பார்த்து மின்னின. தேய்க்கத் தேய்க்க இன்னும் தெளிவாக வந்தன. தேய்த்த பித்தளையை மறுபடி கறுக்கவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பத்து வருஷம் காத்திருப்பது.

மேஜைக்கு வெள்ளைத்துணி விரிக்க வந்த பெண்கள், குத்துவிளக்குக்குப் பொட்டு வைக்கச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், வாசல் நிலைக்கு வைப்பார்கள், புதுச் சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் வைப்பார்கள். மேஜைமேல் மரியாதைக்கு உட்காரும் ஷீல்டுக்கு வைத்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? கிண்ணத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டு வரிக்கும் சேர்த்து, குறுக்காக, அரை விரல் கனத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் நாலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தேன். ஷீல்டுக்குச் சாமி களை வந்துவிட்டது. ஒரு மாமி போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது. பலகையில் இருந்த மூன்று கட்டத்தையும் அன்றைக்கு மேடையிலேயே நடத்திவிட்டார்கள். சரித்திரத்துக்கு, யாரும் கேள்விப்படாத அந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் செக்ரட்டரி மாமா இருபது நிமிஷம் பேசினார். சங்கீதத்துக்குப் பாகவதர். "அந்தத் துரைக்கு என்ன திதின்னு யாருக்கும் தெரியாது, அதனாலே தேதியையே வெச்சுக்கலாம், தோஷமில்லை" என்று அனுமதி வழங்கிவிட்டு, பேண்டு வாத்திய மெட்டில் ஒரு நோட்டு ஸ்வரம் பாடினார். பிறகு விளையாட்டு. கிட்டு அண்ணா பொன்னாடைக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருக்க, செக்ரட்டரி மாமா ஷீல்டைக் கையில் எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"யாரோ தாராளமா அப்பியிருக்கா. எழுத்தே தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலைச் சந்தனத்தின் மேல் வைத்தார்.

முதல் வரிசையில் நின்றிருந்த எனக்கு, அலமாரி, மூன்று தட்டு, பாதியில் விட்டிருந்த ஒரு கதை எல்லாம் கண்முன்னே ஓடின.

"மாமா!" பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் ஹாலையே உலுக்கியது. கிட்டு அண்ணாவின் அம்மா. அதிர்ந்து பேசியே யாரும் கேட்டதில்லை. "விளக்கு வெக்கற நேரத்திலே பொட்டை அழிக்காதேங்கோ! சொல்லிட்டேன்!"

"அதானே! நன்னாயிருக்கு!" என்று மற்ற மாமிகளும் எழுந்துவிட்டார்கள். செக்ரட்டரி மாமாவுக்கு விதிமுறைகள் அத்தனையும் அத்துப்படி. ஆனால் அந்தி வேளையில் பொட்டை அழிக்கலாம் என்பதற்கு எந்த விதியையும் காட்ட முடியாது. விரலை எடுத்தார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை கிட்டு அண்ணாவைப் பார்த்தார், ஒரு பார்வை என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கு மனப்பாடம்தான்" என்று சொல்லி, கேடயத்தில் எழுதாத ஒரு வாசகத்தை, தெருப் பெயர் சகிதம், கணீரென்று படித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அனந்துவும் தட்டினான்.

எல்லோரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது அவரே ஷீல்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை.

"இனிமே ஸ்போர்ட்ஸிலே ஒண்ணும் கிடைக்கலேன்னா, 'இன்று ஒன்றும் இல்லை'ன்னு எழுது. மதி, அது போதும். நீ வாராவாரம் ஆனிவர்சரி உண்டாக்கினா, சுண்டல் பண்ண இந்தத் தெருவிலே ஆள் கிடையாது."

அவருக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும், கிட்டு அண்ணாவின் அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது. கல்லூரிக்குப் போகும்வரை சாவி என்னிடம் இருந்தது. மூன்று தட்டையும் முடித்தேன். மலையாளத் தட்டை இரண்டு தடவை.

விழா மட்டும் நிற்கவில்லை. மறுவருஷமும் அதே தேதியில் நடந்தது, அதற்கு மறுவருஷமும். 'சென்ற ஆண்டைப் போலவே' என்ற சொற்றொடருக்கு நம் நாட்டில் உள்ள வலிமை சட்டத்துக்குக்கூடக் கிடையாது. சந்தனம் உதிர்ந்துபோகிறது என்று யாரோ ஒரு பக்திமான் அந்த இடத்தில் மஞ்சள் பெயிண்டே அடித்துவிட்டார். கிட்டு அண்ணா வெகுநாள் இருந்தார். கடைசிக் காலத்தில் வெற்றிப் புள்ளியைத் தான் எப்படி அடித்தேன் என்பதை, இடது காலை எங்கே வைத்தேன் என்பது வரைக்கும், எனக்கே விவரித்தார். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். மறுப்பதற்கு ஆவணம் எதுவும் கைவசம் இல்லை.

போன வருஷம் தொலைபேசியில் அனந்து. அவன்தான் இப்போது செயலாளர். "ஜயா, இந்தத் தடவை ஷீல்டு விழாவுக்கு நீதான் சீஃப் கெஸ்ட். முடியாதுன்னு சொல்லப்படாது, கேட்டியோ?" போனேன். தெருவில் பாதி வீடு அடுக்ககமாகிவிட்டது. பிள்ளைகள் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டு, டிராபிக்கைத் திட்டிக்கொண்டே திரும்பி வருகிறார்கள். வாசலில் பலகை இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. எந்த நாளில் யார் பிறந்தார், யார் ஜெயித்தார் என்பதெல்லாம் விடிவதற்குள் பூப்படத்தோடு எல்லோருடைய போனுக்கும் வந்துவிடுகிறது, அவற்றில் எத்தனை காலிக் கட்டத்தை நிரப்ப எழுதியவை என்பதை நான் கேட்பதில்லை.

கூட்டம் தொடங்க நேரமிருந்ததால் வாசிப்பறைக்குள் போனேன். குளிர்சாதனம், சுவரளவு டிவி, அதில் கிரிக்கெட். நாலைந்து பெண்கள் நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பையன்களைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் எந்தச் சாவியையும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அலமாரி இருந்த இடத்தில் இன்வெர்ட்டர் இருந்தது. புத்தகங்கள் எங்கே என்று அனந்துவிடம் கேட்டேன்.

"பாதி கரையான். பாதியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு. இப்போ யாருடி படிக்கறா?"

என் கைப்பையில் ஒரு நாவல் இருந்தது. நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பிரித்தேன். டிவிக்காக அறையை அரையிருட்டாக்கி வைத்திருந்தார்கள். பக்கத்திலிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, லைட் இடணோ?"

"இடு, மோளே."

போட்டாள். டிவி வெளிறிப்போனதற்குப் பையன்கள் முணுமுணுத்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. மேடைக்கு வரச் சொல்லி அனந்து கதவருகே வந்து நின்றபோது, நான் இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் இருந்தேன்.

"பத்து நிமிஷம் பொறு, அனந்து" என்றேன்.